ஹலாலுக்குப் பின் ஒரு கேள்வி: கோழி இறைச்சியும் நம் அடுக்களையும்





போடிநாயக்கனூரில் மதரஸா ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். வாரத்தில் இரண்டு நாட்கள் குரங்கணிக்குச் சென்று, அங்கும் அதற்கு மேலுள்ள தோட்டங்களிலும் வாழும் சில குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. சிற்றூர்களில் ஓதிக்கொடுக்கும் எல்லா ஹஜ்ரத்மார்களையும் போலவே எனக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு வேலை இருக்கிறது. சுபுஹு தொழுகை முடிந்ததும் கோழிக்கடைக்குச் சென்று அறுத்துக் கொடுக்க வேண்டும். பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் என்னிடம் மக்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் கத்தியைச் சுற்றியே இருந்தன. பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டதா, தொண்டைக் குழாய்கள் முறையாக அறுபட்டனவா, இரத்தம் முழுமையாக வடிந்ததா என்று கேட்பார்கள். இவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அறுபட்ட கோழி பையில் ஏறியது முதல் தட்டில் பரிமாறப்படுவது வரை அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. திருக்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது, அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் உட்படப் பல இடங்களில், ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. தய்யிப் என்றால் தூயது, நல்லது, உடலுக்குக் கேடு விளைவிக்காதது. முதல் சொல்லுக்கு அறுப்பவர் பொறுப்பு. இரண்டாவது சொல்லுக்கு அதை வாங்குபவர், சுமப்பவர், சமைப்பவர், பரிமாறுபவர் என அனைவரும் பொறுப்பு.

குரங்கணியில் எழுந்த கேள்வி

இதை எழுதத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி. அவருடைய மூத்த மகன் என்னிடம் ஓதுகிறான். இளைய பெண் குழந்தைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. வீட்டில் கோழி ஆக்கிய இரண்டாம் நாள் அக்குழந்தைக்குக் கடும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. மலத்தில் இரத்தம் கண்டதும் பதறிப்போய்க் கீழே போடிக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆறு நாட்களில் குழந்தை தேறிவிட்டது.

ஆனால் வீட்டில் இன்னொரு காயம் மிச்சமிருந்தது. “கோழியைச் சரியாக அலசாமல் போட்டுவிட்டாய்” என்று மாமியார் மருமகளைக் குறை கூறினார். மருத்துவமனையில் செவிலியரோ, குழாயடியில் வைத்துக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் நின்ற அந்தப் பெண் தன் மகன் வழியாகக் கேட்டனுப்பிய கேள்வி இதுதான்: “ஹஜ்ரத், கழுவாம ஆக்குனா அது கூடுமா?”

இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று மருத்துவத்தைச் சேர்ந்தது. மற்றொன்று ஃபிக்ஹைச் சேர்ந்தது. அறியாததை அறிந்தவர்களிடம் கேட்குமாறு மார்க்கம் நமக்குக் கட்டளையிட்டிருப்பதால், முதல் கேள்விக்குப் பொது சுகாதாரத் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவரை நாடினேன். இரண்டாவது கேள்விக்குக் கிதாபுகளைப் புரட்டினேன். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று எண்ணியவர்களுக்கு வியப்பளிக்கும் விதத்தில், அவை ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

கண்ணுக்குத் தெரியாதது

சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்னும் இரு வகைக் கிருமிகள் கோழியின் குடலில் இயல்பாகவே வாழக்கூடியவை. அவற்றால் பெரும்பாலும் கோழிக்கு எந்த நோயும் வருவதில்லை. ஆகவே நல்ல ஆரோக்கியமான கோழி என்று பார்த்து வாங்கினாலும் அதில் இவை இல்லை என்று சொல்ல முடியாது. சிறகு நீக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் அவை தோலிலும் சதையிலும் படிந்துவிடுகின்றன. கேம்பிலோபாக்டரைப் பொறுத்தவரை சில நூறு கிருமிகள் உடலுக்குள் சென்றாலே நோய் வந்துவிடலாம். ஒரு சொட்டு இறைச்சி நீரில் அவ்வளவு இருக்க இயலும். அதனால் வரும் நோய் உண்ட அன்றே வெளிப்படுவதில்லை. இரண்டு முதல் ஐந்து நாட்கள் கழித்தே பெரும்பாலும் வெளிப்படுகிறது. எனவேதான் நேற்று உண்டது என்ன என்று மட்டும் யோசிக்கும் குடும்பங்கள் உண்மையான காரணத்தைத் தவறவிட்டுவிடுகின்றன.

இக்கிருமிகளைத் தண்ணீர் கொல்வதில்லை. மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் வாடையைப் போக்கும். கிருமிகளை ஒழிக்க அவற்றை நம்ப முடியாது. கொல்வது நெருப்பு ஒன்றே. மாறாக, வேகமாகக் குழாயைத் திறந்துவிட்டுக் கோழியை அலசும்போது நீர்த்துளிகள் தெறித்து, தொட்டியின் விளிம்பு, குழாயின் கைப்பிடி, அருகில் கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டுகள், நறுக்கி வைத்த கொத்தமல்லித்தழை என எல்லாவற்றின் மீதும் படிகின்றன.

2019ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறையும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் இணைந்து, சாதாரண மக்களை அடுக்களையில் சமைக்க வைத்து ஓர் ஆய்வு நடத்தின. கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் தொட்டியில் அதன் பிறகு கிருமிகள் காணப்பட்டன. தொட்டியைத் துலக்கிய பின்னரும் 14 விழுக்காட்டினரின் தொட்டியில் அவை எஞ்சியிருந்தன. 26 விழுக்காட்டினர் பச்சையாக உண்ணும் கீரையிலேயே அவற்றைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். இந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. கோழியைக் கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் கீரையில் கிருமிகள் இருந்தன. அவர்கள் தங்கள் கைகளைச் சரியாகக் கழுவாததே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. ஆகவே கழுவுவதை நிறுத்திவிட்டால் மட்டும் போதும் என்று யாரும் நிம்மதியடைந்துவிட முடியாது.

கிதாபுகள் சொல்வது

இப்போது ஃபிக்ஹின் பக்கம் வருவோம். தடை செய்யப்பட்ட இரத்தம் எது என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 145ஆம் வசனம் வரையறுக்கிறது. அறுக்கும்போது பீறிட்டு ஓடும் இரத்தமே அது. முறையாக அறுக்கப்பட்ட பின் சதையிலும் நரம்புகளிலும் எஞ்சும் இரத்தம் நஜீஸ் அல்ல என்பது நமது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபிலும் அது மன்னிக்கப்பட்டதே. சட்டியின் மேலே இரத்தத்தின் நிறம் தெரிந்தபோதும் அதை ஒரு குறையாகக் கருதாத வழக்கம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே, இறைச்சியிலிருந்து வடியும் இளஞ்சிவப்பு நீர் முற்றிலும் தெளியும் வரை ஏழு தண்ணீர், எட்டுத் தண்ணீர் என்று அலசிக்கொண்டே இருப்பது மார்க்கம் கேட்காத ஒன்று. வழக்கத்தையும் வஸ்வாஸையும் நாம் மார்க்கம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

அப்படியானால் கழுவுதலே தேவையில்லையா? இங்கேதான் நம் நாட்டுக் கடைகளின் நிலையைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. மேலை நாடுகளில் சுத்தம் செய்து, பொதியிட்டு, குளிர்பெட்டியில் வைத்து விற்கப்படும் கோழிக்குச் சொல்லப்படும் அறிவுரை, கண்முன் அறுத்து, வெந்நீரில் முக்கி, மரக்கட்டையில் வெட்டித் தரப்படும் கோழிக்கு அப்படியே பொருந்திவிடுவதில்லை. ஒட்டிய இறகு, குடலிலிருந்து சிந்திய கழிவு, ஓடிய இரத்தத்தின் கறை ஆகியவை அதில் இருக்கக்கூடும். இவை நஜீஸ், நீக்கப்பட்டே ஆக வேண்டும்.

இதில் நம் முன்னோர்களின் நுட்பத்தை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரி 861இல் மறைந்த இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் தமது ஃபத்ஹுல் கதீர் நூலில், குடல் நீக்கப்படாத கோழியைச் சிறகு பறிப்பதற்காக வெந்நீரில் போடுவதைப் பற்றி விவாதிக்கிறார்கள். கொதிக்கும் நீரில் நெடுநேரம் கிடந்தால் குடலின் அசுத்தம் சதைக்குள் ஊறிவிடும் என்றும், வழக்கமாகச் செய்வதுபோல் சிறகு தளரும் அளவுக்கு மட்டும் முக்கி எடுத்தால் அது மேல்தோலோடு நின்றுவிடுவதால் மூன்று முறை கழுவினால் தூய்மையாகிவிடும் என்றும் பிரித்துக் கூறுகிறார்கள். நுண்ணோக்கி என்ற கருவியே இல்லாத காலத்தில், குடலிலிருப்பது சதைக்குச் செல்லும் பாதையைக் குறித்து ஃபகீஹ்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஒரே வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை முதல் நண்பகல் வரை எத்தனையோ கோழிகள் முக்கப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விவாதம் நினைவுக்கு வரும். நீரை மாற்றச் சொல்லிக் கேட்பதும், இயலாவிட்டால் தோலுரித்துத் தரச் சொல்வதும் வாங்குபவரின் உரிமை. நாம் கேட்டால் கடைக்காரர்கள் செய்கிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

கழுவும் முறை

ஆகவே, அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியனுப்பிய பதில் இவ்வாறு இருந்தது.

சுத்தமாகப் பொதியிடப்பட்டு, கறையோ கழிவோ தென்படாத கோழியைக் கழுவாமல் சமைப்பது தாராளமாகக் கூடும், அதுவே பாதுகாப்பானதும்கூட. கடையில் அறுத்து வாங்கிய கோழியில் அசுத்தம் இருந்தால், அல்லது இருக்கும் என்று கருத இடமிருந்தால் கழுவ வேண்டும். ஆனால் ஓடும் குழாயின் கீழே கழுவக் கூடாது. அகலமும் ஆழமும் உள்ள ஒரு சட்டியில் முதலில் நீரை நிரப்பி, இறைச்சியை மெல்ல அதனுள் இறக்கி, நீருக்கு அடியிலேயே கையால் துலக்கி எடுக்க வேண்டும். அந்த நீரைத் தெறிக்காதபடி தாழ்வாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, புதிய நீரில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இவ்வாறே செய்ய வேண்டும். ஃபிக்ஹ் கேட்கும் மூன்று முறை இதில் நிறைவேறிவிடுகிறது. மருத்துவம் அஞ்சும் தெறிப்பும் பெருமளவு தவிர்க்கப்படுகிறது.

கழுவத் தொடங்கும் முன் அருகிலுள்ள காய்கறி, தட்டு, குடிநீர்க் குடம் அனைத்தையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். முடிந்ததும் சட்டி, தொட்டி, குழாய்க் கைப்பிடி, தரை ஆகியவற்றைச் சோப்பு நீரால் துலக்கிக் கழுவிவிட்டு, கொதிநீர் ஊற்ற வேண்டும். அல்லது வாசனை சேர்க்காத பிளீச்சிங் திரவத்தை நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் கலந்து துடைத்துச் சிறிது நேரம் விட வேண்டும். கழுவிய நீரை வாய்க்காலிலோ ஓடையிலோ கொட்டிவிடக் கூடாது. மலையில் நாம் ஊற்றுவது அடிவாரத்தில் வேறொருவர் வீட்டுப் பானைக்குப் போகிறது. கொட்டகுடி ஆற்றின் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீர்நிலைகளை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக விலக்கியிருக்கிறார்கள்.

கை எங்கே இருந்தது?

தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்திற்குள் விடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதற்கு அவர்கள் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. அந்தக் கை இரவில் எங்கெல்லாம் பட்டது என்பது அவருக்குத் தெரியாது. அழுக்கு கண்ணில் படவில்லை. ஆயினும் பட்டிருக்கலாம் என்ற வாய்ப்பே கழுவுவதற்குப் போதுமான காரணமாகிவிட்டது. அடுக்களைக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. பச்சைக் கோழியைத் தொட்ட கை அடுத்து எங்கே செல்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மசாலா டப்பாவின் மூடி, எண்ணெய்ப் புட்டி, அடுப்பின் திருகு, கைப்பேசி, முந்தானை, அழும் குழந்தையின் கன்னம் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

எனவே, தேவையான மசாலாக்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு இறைச்சியில் கை வைப்பது நல்லது. தொட்டு முடித்ததும் சோப்பிட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். வெறும் நீரில் நனைத்து முந்தானையில் துடைப்பது கழுவுதல் ஆகாது.

நம் வீடுகளில் பெரிய ஆபத்து அரிவாள்மனையில் இருக்கிறது. கோழியைத் துண்டாக்கிய அதே அரிவாள்மனையை ஒரு குவளை நீரால் அலசிவிட்டுத் தயிர் வெங்காயத்திற்கு வெங்காயம் அரிகிறோம். கோழி அடுப்பில் வெந்து தூய்மையாகிவிடும், வெங்காயம் வேகப்போவதில்லை. பிரியாணியை உண்டு நோயுற்றதாக நினைப்பவர்கள் உண்மையில் தயிர் வெங்காயத்தால் நோயுற்றிருக்கலாம். பச்சையாக உண்பவற்றை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, இறைச்சியைக் கடைசியில் எடுத்தால் செலவில்லாமல் இந்த ஆபத்து நீங்கிவிடும். வசதியுள்ளவர்கள் இறைச்சிக்குத் தனிக் கத்தியும் தனிப் பலகையும் வைத்துக்கொள்ளலாம்.

நெய்யில் எலி விழுந்தது பற்றிக் கேட்கப்பட்டபோது, அதையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது மைமூனா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் வந்துள்ளது. அசுத்தம் தான் விழுந்த இடத்தோடு நிற்பதில்லை, சுற்றிலும் பரவும் என்ற உண்மையை அது உணர்த்துகிறது. பாத்திரங்களை மூடி வைக்குமாறு வந்துள்ள நபிமொழிகளையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வாங்கி வருபவரின் பங்கு

இதுவரை சொன்னவை பெண்களுக்கு மட்டும் என்று ஆண்கள் நினைத்துவிட வேண்டாம். போடியிலிருந்து குரங்கணி 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தொலைவு. ஞாயிறு காலையில் கோழியை வாங்கி வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சந்தையில் காய் வாங்கி, தேநீர்க் கடையில் நண்பர்களோடு பேசி முடித்து, பேருந்துக்கோ ஜீப்புக்கோ காத்திருந்து வீடு சேரும்போது இரண்டு மூன்று மணி நேரம் கடந்துவிடுகிறது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகும். ஏதுவான சூழலில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பச்சை இறைச்சி இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருக்கலாகாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. போடியின் கோடைக்கு எந்தக் கணக்குப் பொருந்தும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே, எல்லா வேலைகளையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் கோழி வாங்குங்கள். காய்கறிப் பையில் அதைப் போடாமல், கசியாத பாத்திரம் ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். வீடு வந்ததும் உடனே சமைக்காவிட்டால், மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, ஓரிரு நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் கீழிருக்கும் பால், பழம் மீது வடியும். உறைய வைத்த கோழியைத் திண்ணையில் வைத்து இளக விடாமல், குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலேயே முந்தைய இரவு மாற்றி வையுங்கள். வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று ஒதுங்கும் ஆண்கள், வீட்டில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் உதவியாக இருந்தவர் நபி (ஸல்) அவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சட்டியையும் தொட்டியையும் துலக்கும் வேலையை ஆண்கள் ஏற்றால் அது சுன்னத்தை உயிர்ப்பிப்பதாகும்.

வேகுதல்

கோழியின் மிகத் தடித்த துண்டின் உட்புறமும் 74 டிகிரி வெப்பத்தை அடைந்தால் இக்கிருமிகள் மடிந்துவிடும். வெப்பமானி எல்லா வீட்டிலும் இருக்காது. அது இல்லாதபோது, தொடையின் மூட்டருகே கீறிப் பார்த்தால் சாறு தெளிவாக வர வேண்டும். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்போ வழவழப்போ இருக்கக் கூடாது. நிறத்தை மட்டும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதால், கொதி வந்த பின்னும் போதிய நேரம் மூடி வேகவிடுவதே காப்பு.

மலைமேல் வாழ்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனில் நீர் 94 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. கிருமிகளை அழிக்க அது போதுமானதே. ஆனால் அங்கே கறி மெதுவாக வேகும். குழம்பு கொதிப்பதைப் பார்த்து அவசரப்பட்டு இறக்கிவிடாமல், கீழ்நாட்டைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். குக்கர் இருந்தால் கவலையில்லை.

தூக்குச்சட்டியில் மலையேறும் குழம்பு

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அன்றாடம் காண்கிறோம். இரவு ஆக்கிய கோழிக்குழம்பை மூடி அடுப்பின் ஓரத்திலேயே வைத்துவிட்டு, அதிகாலை நான்கு மணிக்குச் சோற்றின் மேல் ஊற்றித் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு போய், நண்பகலில் உண்கிறார்கள். சமைத்ததற்கும் உண்பதற்கும் இடையில் பதினைந்து மணி நேரம்கூட ஆகிவிடுகிறது. நன்கு வெந்த குழம்பானாலும் இவ்வளவு நேரம் வெளியில் இருந்தால் அதில் மீண்டும் கிருமிகள் பெருகும். சில வகைக் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை.

அவர்களுடைய வறுமையையும் நேரமின்மையையும் அறிந்தே இதை எழுதுகிறேன். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் குழம்பைச் சிறு பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே வைத்து, காலையில் தளதளவென்று கொதிக்க வைத்து, வெந்நீரால் சூடேற்றிய வெப்பக்காப்புப் பாத்திரத்தில் கொண்டுசெல்லலாம். பெட்டி இல்லாதவர்கள் கோழியை அன்றிரவே உண்டு முடித்துவிட்டு, மறுநாளுக்குப் புளிச்சோறோ ஊறுகாயோடு வேறு சோறோ கொண்டுசெல்வது மேல். மீந்த குழம்பை இரவில் பக்கத்து வீட்டுடன் பகிர்ந்துகொண்டால் அது நன்மையும் ஆகும். குழம்பில் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். ஆனால் நாம் உண்ணத் தயங்கும் மறுநாள் குழம்பைப் பிறருக்குக் கொடுப்பது ஸதகா ஆகாது.

அண்மைக் காலப் படிப்பினைகள்

2022 மே மாதத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயுற்றவர்களிடம் ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நம் மாநிலத்தின் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். இந்தச் செய்திகள் வரும்போது உணவகங்களை ஏசிவிட்டு நாம் அமைதியாகிவிடுகிறோம். அரைகுறையாக வெந்த இறைச்சி, கழுவாத கை, பச்சைக்கும் வெந்ததற்கும் ஒரே கத்தி, நெடுநேரம் வெளியில் கிடந்த உணவு ஆகிய ஆபத்துகள் நம் வீட்டு அடுக்களையிலும் உள்ளன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெருநாள்களில் இளைஞர்கள் மொட்டைமாடியில் கோழியைச் சுடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேலே கருகியிருக்கும், எலும்பருகே பச்சையாக இருக்கும். பச்சைக் கோழி ஊறிய மசாலாவையே கடைசியில் மேலே தடவித் தருவார்கள். அதனோடு தொட்டுக்கொள்ளப் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது இந்த ஆபத்தின் காரணமாகத்தான். சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். நம் வீட்டு மொட்டைமாடிக்குச் சட்டத்தின் கை எட்டாது. அங்கே தக்வாதான் காவல்.

நோய் வந்துவிட்டால்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரை இந்நோய் கடுமையாகத் தாக்கும். வயிற்றுப்போக்குத் தொடங்கியதும் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வர வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தானது. மருத்துவர் கேட்கும்போது முந்தைய ஐந்து நாட்களில் உண்டவை அனைத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய நேரத்தில் அடுக்களையில் நின்ற பெண்ணை நோக்கி விரல் நீட்டுவது அநீதி. கோழி அவளுடைய கைக்கு வருமுன்பே பண்ணை, கடை, வெந்நீர், மரக்கட்டை, வெயில், பயணம் எனப் பல இடங்களைக் கடந்து வந்திருக்கிறது. குரங்கணிச் சகோதரியின் மாமியாரிடம் இதை நான் பொறுமையாக எடுத்துரைத்தேன். ஏழு தண்ணீரில் அலசுவது அந்த மூதாட்டி தம் நன்னியிடம் கற்ற வழக்கம். அதன் பின்னே இருப்பது தூய்மையின் மீதான நேசம். அந்த நேசத்தை நாம் மதிக்க வேண்டும்; முறையை மட்டுமே திருத்திக்கொள்ள வேண்டும். “மூன்று தண்ணீர் போதும் என்று கிதாபில் இருந்தால் எனக்கு அதுவே போதும்” என்றார் அவர். மருமகளோடு அமர்ந்து வெங்காயத்தை முதலில் அரிந்து வைக்கத் தாமே தொடங்கிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

தீங்கு இழைப்பதும் கூடாது, தீங்கை ஏற்றுக்கொண்டிருப்பதும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அறுக்கும் முன் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறு நமக்குச் சொல்லப்பட்டது அந்த உயிருக்கு வேதனை கூடாது என்பதற்காக. ஓர் உயிரை அல்லாஹ்வின் பெயரால் எடுத்தபின், அதன் இறைச்சியால் இன்னோர் உயிருக்கு வேதனை நேராமல் காப்பதும் அதே பேணுதலின் தொடர்ச்சியே ஆகும்.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்கியருள்வானாக! நம் பிள்ளைகளை நோயிலிருந்தும், நம் நாவுகளைப் பழி சுமத்துவதிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.